கூண்டின் அளவும் சட்டத்தின் அளவும்: கொங்கு நாட்டில் பண்ணை விலங்குகளின் அடைப்பு

பண்ணை விலங்கை அடைத்து வளர்ப்பதை இந்தியச் சட்டம் தடுக்கவில்லை. அடைக்கும் இடம் எவ்வளவு இருக்க வேண்டும், கட்டும் கயிறு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதில்தான் அது தலையிடுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 11ஆம் பிரிவு குற்றங்களைப் பட்டியலிடுகிறது. நடமாட நியாயமான வாய்ப்புத் தராத நீள அகல உயரமுள்ள கூண்டிலோ வேறு அடைப்பிலோ ஒரு விலங்கை வைத்திருப்பது குற்றம். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான கயிற்றிலோ சங்கிலியிலோ அளவுக்கு மீறிய நேரம் கட்டிவைப்பது குற்றம். போதிய தீனி, தண்ணீர், நிழல் கொடுக்காமல் விடுவதும் குற்றம். விலங்கு என்ற சொல்லுக்கு மனிதர் நீங்கலான எந்த உயிரும் என்று சட்டமே பொருள் சொல்வதால் காங்கேயம் காளைக்கும் கறிக்கோழிக்கும் வேறுபாடு இல்லை.

சிக்கல் முழுவதும் ‘நியாயமான’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. எத்தனை அங்குலம் நியாயம் என்று தாய்ச் சட்டம் சொல்லவில்லை. விதி வகுக்கும் அதிகாரத்தை 38ஆம் பிரிவின் வழியாக மத்திய அரசுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டது. முட்டைக் கோழியைப் பொறுத்தவரை அந்த விதி வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் நாமக்கல் நாட்டின் முட்டைத் தலைநகரங்களில் ஒன்றாகவும், பல்லடம் கறிக்கோழிச் சந்தையின் நடு இடமாகவும் ஆகியிருந்தன. நாட்டில் இந்தச் சட்டம் எந்த அளவுக்குச் செல்லுபடியாகிறது என்று பார்க்கக் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை.

பட்டி, கட்டுத்தரை, கொரங்காடு

கொங்கு நாட்டின் பழைய கால்நடை வளர்ப்பிலும் அடைப்பு உண்டு. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பட்டி, மாட்டுக்குக் கட்டுத்தரை, கோழிக்கும் குஞ்சுக்கும் பஞ்சாரம். ஆனால் அந்த அடைப்புகள் எல்லாம் இரவுக்கானவை. விடிந்ததும் படலை விலக்கி ஆட்டை ஓட்டுவார்கள், பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழியைத் திறந்துவிடுவார்கள். வயலில் கிடை போடுபவர்கள் படலையே கையோடு கொண்டுபோய் நாளொரு இடத்தில் நட்டு மாற்றுவார்கள். பட்டியை ஒரு தனிப் பொங்கலுக்கு உரிய இடமாகக் கருதிய ஊர் இது: பட்டிப் பொங்கலன்று சாணத்தால் சிறு தெப்பக்குளம் கட்டி மாட்டை அதில் மிதிக்கவிடும் வழக்கம் இன்றும் பல தோட்டங்களில் இருக்கிறது.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொரங்காடு இன்னொரு படி மேலே போனது. மழை குறைந்த மேட்டு நிலத்தை நாலா பக்கமும் கிளுவை வேலியால் அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல் மரமும் வளரவிட்டு, மாட்டையும் ஆட்டையும் மேய்ப்பவர் இல்லாமலே விட்டுவிடுவது அந்த முறை. வேலி இருக்கிறது, ஆகவே அதுவும் அடைப்புதான். ஆனால் ஏக்கர் கணக்கில் அளக்கும் அடைப்பு. மாடு தானாக நடக்கும், நிழல் தேடும், வெள்வேல் காயைப் பொறுக்கும், தொட்டியில் தண்ணீர் குடிக்கும். காங்கேயம் மாட்டின் கால் வலுவுக்கு இந்த மேய்ச்சலும் ஒரு காரணம். கயிறும் கம்பிக் கூண்டும் இன்றி, வேலியை மட்டும் வைத்து வளர்ப்பைக் கட்டுக்குள் வைத்திருந்த இம்முறை உலக அளவில் நலச் சட்டங்கள் கேட்கும் பலவற்றை எந்தச் சட்டமும் இல்லாமலே நிறைவேற்றியது. அதைப் பொற்காலமாக வருணிக்க வேண்டியதில்லை. முளைக்குச்சியில் நாள் முழுக்க வெயிலில் கட்டப்பட்ட எருமைகளும், ஏற்றத்தில் உழைத்துத் தேய்ந்த எருதுகளும் அதே ஊரில் இருந்தன.

ஆங்கிலேயர் காலத்தில் அடைப்பைப் பற்றிப் பேசிய பழைய சட்டம் கருணையால் பிறந்ததன்று. பிறர் பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் கொண்டித்தொழுவை ஒழுங்குபடுத்த 1871இல் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. அதிலும் ஒரு நல்ல வரி இருந்தது: அடைத்த மாட்டுக்குப் போதிய தீனியும் தண்ணீரும் தராத தொழுக் காவலருக்கு 50 ரூபாய் வரை அபராதம். அந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1890இல் வந்த வதைத் தடுப்புச் சட்டம் பெரும்பாலும் தெருவிலும் பொது இடத்திலும் நடக்கும் கொடுமைகளையே பார்த்தது. வண்டி மாட்டைச் சாட்டையால் அடித்தவர் அதில் சிக்குவார். கொட்டகைக்குள் நடப்பது அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

1960: கதவுக்குள் நுழைந்த சட்டம்

கொட்டகைக் கதவுக்குள் சட்டம் நுழைந்ததற்குத் தமிழ்நாட்டில் வாழ்ந்த ஒருவரின் பங்கு பெரிது. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த யோசனையை, அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்ற நேருவின் உறுதிமொழியின் பேரில் திரும்பப் பெற்றார். அதன் தொடர்ச்சிதான் 1960ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் சென்னையில் இருந்து, பின்னர் அரியானாவின் பல்லப்கருக்குப் போனது.

அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதன் நலத்தைக் காக்கவும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்கிறது. கடமையைச் சொல்லும் இந்தப் பிரிவுக்குத் தனித் தண்டனை கிடையாது. தண்டனை 11ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுக்குள் அதே குற்றத்தை மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1871இன் தொழுக் காவலருக்கும் 1960இன் கூண்டு உரிமையாளருக்கும் உச்ச அபராதம் ஒன்றாகவே இருப்பது தற்செயலாக இருக்கலாம். 1960க்குப் பிறகு அது அசையவே இல்லை என்பது தற்செயலாக இருக்க முடியாது. 2022 நவம்பரில் மத்திய அரசு அபராதத்தை உயர்த்தும் வரைவுத் திருத்தம் ஒன்றைக் கருத்துக் கேட்புக்கு வைத்தது. அது சட்டமாகவில்லை.

தொகையைவிட நடைமுறை முக்கியம். 31ஆம் பிரிவின்படி 11ஆம் பிரிவின் குற்றங்களில் சிலவற்றில் மட்டுமே காவல் துறை பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். விலங்கை ஊனப்படுத்துவதும் விலங்குச் சண்டை நடத்துவதும் அதில் வரும். குறுகிய கூண்டும் குட்டைக் கயிறும் வராது. கறவைப் பசுவுக்குப் பால் சுரக்க மருந்தேற்றுவது போன்ற செயல்களைத் தடுக்கும் 12ஆம் பிரிவு மட்டும் 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டாண்டுச் சிறை என்று கொஞ்சம் கடுமையாக இருக்கிறது. மேலும் குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் பிறகு தொடுக்க முடியாது என்கிறது 36ஆம் பிரிவு. கொட்டகையின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியார் அறிய வழியில்லாத தொழிலில் மூன்று மாதம் என்பது ஒரு மறைப்புத் திரைபோலவே வேலை செய்கிறது.

இதே சட்டம் சில வழக்கங்களுக்கு விலக்கும் தருகிறது. விதித்த முறைப்படி கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல், உணவுக்காகக் கொல்லுதல் ஆகியவை குற்றமாகா. ஆனால் அடைத்து வைப்பதற்கு அந்த விலக்குப் பட்டியலில் இடமில்லை. இதைச் சட்டம் படிப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. முட்டைத் தொழிலுக்காகவோ பால் தொழிலுக்காகவோ கூண்டைச் சுருக்கலாம் என்று நாடாளுமன்றம் எங்கும் சொல்லவில்லை.

நாமக்கல் கூண்டு

நாமக்கல் மழை குறைந்த மேட்டு நிலம். லாரிக்கும் பாடி கட்டும் பட்டறைக்கும் பெயர்பெற்ற இவ்வூரில் 1970களில் கோழிப்பண்ணைகள் பெருகத் தொடங்கின. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாகி, விலையை அறிவிக்கும் முறை வந்தது. அதே ஆண்டு எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. பின்னர் அதில் முட்டையும் சேர்ந்தது. கேரளச் சந்தை பக்கத்தில், லாரி கைவசம். 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கேயே வந்தது. தரையில் உமி பரப்பி வளர்த்த முறையிலிருந்து கம்பிக் கூண்டுக்குத் தொழில் மாறியது இந்தப் பெருக்கத்தின் ஒரு பகுதி.

கூண்டு முறை அதன் போக்கில் சாமர்த்தியமானது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூக்கிய கொட்டகை, இரு பக்கமும் திறந்த வலை, மேலே ஓடோ ஆஸ்பெஸ்டாஸோ. படிப்படியாக அடுக்கிய கூண்டு வரிசை. அடிக்கம்பி சற்றே முன்பக்கம் சரிந்திருக்கும். கோழி இட்ட முட்டை உருண்டு முன்னால் உள்ள தாங்கியில் வந்து நிற்கும். எச்சம் கம்பி இடுக்கில் கீழே விழும். தீனி ஒரு நீண்ட தொட்டியில், தண்ணீர் சிறு நிப்பிளில். கோழி தன் எச்சத்தை மிதிப்பதில்லை; முட்டையில் அழுக்கு ஒட்டுவதில்லை; குடற்புழுவும் ரத்தக்கழிச்சலும் குறைகின்றன. பண்ணையாளர்கள் கூண்டுக்கு ஆதரவாகச் சொல்லும் இவை எல்லாம் உண்மையே. சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள வெள்ளைக் கோழி ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேல் முட்டையிடுகிறது. அதற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

இனி அதே கூண்டை உள்ளிருந்து பார்க்கலாம். பதினெட்டு அங்குல அகலமும் பதினைந்து அங்குல ஆழமும் கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டால் அதன் பரப்பு 270 சதுர அங்குலம், அதாவது ஏறக்குறைய 1,740 சதுர செ.மீ. அதில் நான்கு கோழி விட்டால் ஒன்றுக்கு 435 சதுர செ.மீ. கிடைக்கும். ஒரு ஏ4 தாளின் பரப்பு 624 சதுர செ.மீ. எழுதும் தாளில் முக்கால் பாகத்துக்கும் குறைவான இடத்தில், சரிவான கம்பியின்மேல், பதினெட்டு மாதம்போல் ஒரு பறவை வாழ்கிறது. கோழி மண்ணில் புரளும், கிளைமேல் ஏறி உறங்கும், முட்டையிடுவதற்கு முன் ஒதுக்குப்புறம் தேடும். மூன்றுக்கும் அங்கே இடமில்லை. கம்பியில் நின்றே நகம் வளர்ந்து வளையும். ஓட்டம் இல்லாததால் எலும்பு தேய்ந்து எளிதில் முறியும்.

கோழிக்கு எவ்வளவு இடம் தேவை என்ற கேள்விக்கு அளந்து சொன்ன விடை உண்டு. பிரிட்டனில் மரியன் டாக்கின்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 1989இல் வெளியிட்ட அளவீட்டின்படி, பழுப்புக் கோழி ஒன்று நிற்கச் சராசரியாக 475 சதுர செ.மீ., இறக்கையை நீட்ட 893, திரும்ப 1,272, இறக்கையை அடிக்க 1,876 சதுர செ.மீ. பிடிக்கிறது. நாமக்கல் வெள்ளைக் கோழி அதைவிட எடை குறைந்தது. ஒரே கூண்டில் உள்ளவை ஒன்றின் இடத்தை மற்றது மாறி மாறிப் பயன்படுத்தவும் செய்யும். அந்தச் சலுகையைக் கொடுத்துப் பார்த்தாலும் ஒன்று தெளிவு: 435 என்பது நிற்கும் அளவு, நடமாடும் அளவன்று. சட்டம் கேட்பதோ நடமாடும் வாய்ப்பை.

அங்குலத்துக்கு ஒரு வழக்கு

இந்த முரணை முதலில் அதிகாரபூர்வமாகச் சொன்னது விலங்கு நல வாரியம். கோழியைப் பட்டினி போட்டு இறகு உதிரவைத்து மறு சுற்று முட்டைக்குத் தயார்செய்யும் முறையைக் கைவிடுமாறு அது 2011இல் அறிவுறுத்தியது. அடுத்ததாக, கம்பிக் கூண்டு 11ஆம் பிரிவை மீறுவதாகவும், 2017க்குள் அவற்றைப் படிப்படியாக விலக்க வேண்டும் என்றும் மாநிலங்களுக்கு எழுதியது. அறிவுரைக்குச் சட்டத்தின் வலு இல்லை. 2017 வந்தது, போனது. கூண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

2017 ஜூலையில் இந்திய சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையை முட்டைக் கோழி, கறிக்கோழி ஆகியவற்றின் இருப்பிடத்துக்கும் போக்குவரத்துக்கும் என்றே எழுதியது. நீதிபதி பி.எஸ். சவுகான் தலைமையிலான அந்த ஆணையம் வரைவு விதிகளையும் இணைத்துக் கொடுத்தது. தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தன. 2019 ஏப்ரலில் மத்திய அரசு முட்டைக் கோழிகளுக்கான வரைவு விதிகளை வெளியிட்டது. இறுதி விதிகள் 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டன. ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர செ.மீ. என்பது அவற்றின் மையம். பழைய பண்ணைகளுக்கு மாறிக்கொள்ள அவகாசம் தரப்பட்டது.

மேலே சொன்ன பதினெட்டுக்குப் பதினைந்து பெட்டியில் இந்த விதியைப் போட்டுப் பார்த்தால் அதன் முழு உருவமும் தெரியும். நான்கு கோழி இருந்தால் 435, விதி மீறல். மூன்று இருந்தால் 580, விதிக்கு உட்பட்டது. ஆக, நான்கில் ஒன்றை வெளியே எடுத்தால் போதும். கூண்டு அப்படியே நிற்கலாம். லட்சம் கோழி வைத்திருப்பவருக்கு அது இருபத்தைந்தாயிரம் கோழியின் இடம். புதிய கொட்டகை போட வேண்டும், அல்லது உற்பத்தியைக் குறைக்க வேண்டும். முட்டை விலையில் பைசா கணக்கில் லாபம் பார்க்கும் தொழிலுக்கு அது சிறு செலவன்று. ஆனால் உள்ளே இருக்கும் மூன்று கோழிக்குக் கிடைப்பது நிற்க இன்னும் கொஞ்சம் வசதி மட்டுமே. திரும்பவும் இறக்கை அடிக்கவும் அது போதாது. கூண்டு ‘நியாயமற்றது’ என்று 2017க்குள் விலக்கச் சொன்ன நிலையிலிருந்து, கூண்டு ‘இந்த அளவில் நியாயம்’ என்று சட்டம் ஒப்புக்கொண்ட நிலைக்கு ஆறு ஆண்டில் வந்து சேர்ந்ததுதான் இந்த வரலாற்றின் சுருக்கம். இடையில் விலங்கு நலம் சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்து கால்நடை வளர்ப்புத் துறையின்கீழ் மாற்றப்பட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முட்டை உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்பும் கோழியின் இடத்தை அளக்கும் பொறுப்பும் ஒரே கூரைக்கு வந்தன.

பல்லடம்: கோழி ஒருவருடையது, கொட்டகை இன்னொருவருடையது

கறிக்கோழி கூண்டில் வளர்வதில்லை. தென்னைநார்க் கழிவோ கடலைத் தோலோ உமியோ பரப்பிய தரையில் வளர்கிறது. ஒரு கோழிக்குச் சுமார் ஒரு சதுர அடி என்பது வழக்கக் கணக்கு. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டு வண்டியேறிவிடும். 1980களில் உடுமலையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் ஒப்பந்த வளர்ப்பை இந்த வட்டாரத்தில் பரப்பியது; பிறகு பல நிறுவனங்கள் அதே வழியில் வந்தன. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு விவசாயியுடையவை. எடைக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி.

இந்த ஏற்பாட்டில் கோழியின் இடத்துக்குப் பொறுப்பு யார்? ‘உரிமையாளர்’ என்பவர் விலங்கின் சொந்தக்காரர் மட்டுமல்லர், அந்த நேரத்தில் அதைத் தன் வசம் வைத்திருப்பவரும்தான் என்று 1960 சட்டத்தின் விளக்கப் பிரிவு சொல்கிறது. ஆகவே கோழி தன்னுடையதாக இல்லாத விவசாயியும் சட்டத்தின் கண்ணில் உரிமையாளரே. எத்தனை குஞ்சு இறக்குவது, எந்த நாளில் பிடிப்பது என்பதை முடிவு செய்வது நிறுவனம். நெருக்கடி மிகுந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுபவர் கொட்டகைக்காரர். மேற்பார்வை செய்யத் தவறிய உரிமையாளரும் குற்றவாளியே என்று 11ஆம் பிரிவு கூறுவதால் நிறுவனத்தையும் இதில் இழுக்க இடமுண்டு. முட்டைக் கோழிக்கு 550 என்று எண் கொடுத்த 2023 விதிகள் கறிக்கோழிக்குப் பொருந்துவதில்லை. சட்ட ஆணையம் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தது.

கறிக்கோழியின் துன்பம் இடத்தைவிட உடலில் அதிகம். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு இழுத்துவிடப்பட்ட உடலை அதன் கால் தாங்குவதில்லை. கடைசி வாரத்தில் பல உட்கார்ந்தே கிடக்கும். சித்திரை வெயிலில் விசிறியும் நீர்த்தெளிப்பும் நின்றுபோன கொட்டகையில் கொத்துக் கொத்தாகச் சாகும். அடைப்பை அளக்கும் சட்டம் உடல் வளர்ச்சியின் வேகத்தை அளப்பதில்லை.

மாடு: கயிறும் லாரியும்

கறவை மாட்டுக்கு இரண்டு விதமான சட்டம் இருக்கிறது, இரண்டும் பலருக்குத் தெரியாது. ஒன்று 1978ஆம் ஆண்டின் மாட்டுக் கொட்டகைப் பதிவு விதிகள். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்தில் ஐந்து மாட்டுக்குக் குறையாமல் லாபத்துக்காக வைத்திருக்கும் எவரும் கொட்டகையைப் பதிவு செய்ய வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் இதற்குள் வருகின்றன. ஒரு மாட்டுக்குக் கூரையடியில் 3.5 சதுர மீட்டரும் வெளியில் 7 சதுர மீட்டரும் வேண்டும் என்று கால்நடைப் பாடநூல்கள் சொல்லும் அளவுக்கு, நகரச் சந்துகளில் சாக்கடையோரம் கட்டிய மாடுகள் சாட்சி சொல்ல முடியாது. மற்றொன்று குட்டைக் கயிறு பற்றிய 11ஆம் பிரிவு. கலப்பின மாடு வந்தபின் மேய்ச்சல் குறைந்து, கட்டுத்தரையே மாட்டின் முழு உலகமாகிவிட்ட தோட்டங்கள் ஏராளம். கழுத்துக் கயிறு முழ நீளம் இருந்தால் மாட்டால் தன் விலாவை நக்கிக்கொள்ள முடியாது, திரும்பிப் படுக்க முடியாது. இதற்காக ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுப்பது ஊரில் யாரும் நினைத்துப் பார்க்காத செயல்.

செவ்வாயும் வியாழனும் கூடும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் வண்டிதான் சட்டம் அடிக்கடி தடுத்து நிறுத்தும் இடம். 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் சாதாரணச் சரக்கு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. மோட்டார் வாகன விதிகளில் பின்னர் சேர்த்த ஒரு விதி, மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர், ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டர் தடுப்பு கேட்கிறது. 2017 மே மாதம் வந்த கால்நடைச் சந்தை விதிகள் சந்தையில் தண்ணீர், நிழல், தளம் எல்லாம் கேட்டன. ஆனால் வெட்டுக்கு விற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்ததால் நாடே கொந்தளித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரே வாரத்தில் இடைக்காலத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் ஜூலையில் அதை நாடு முழுவதற்கும் நீட்டியது. உணவு அரசியலோடு கட்டப்பட்டதால் தண்ணீர்த் தொட்டியும் நிழலும் அந்த விதிகளோடு சேர்ந்தே கரைந்துபோயின. விலங்கு நலத்தின் பேரில் வேறு நோக்கம் கலக்கும்போது இழப்பு விலங்குக்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் இல்லை.

ஐந்து விடுதலைகள்

2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பண்ணை விலங்குக்கும் பொருந்தும் ஒன்றைச் சொன்னது. பசி தாகம், அச்சம் பதற்றம், உடல் வசதியின்மை, வலி நோய் ஆகியவற்றிலிருந்து விடுதலை, இயல்பான நடத்தைக்கு உரிமை என்னும் ஐந்தும் 3, 11ஆம் பிரிவுகளுக்குள்ளேயே அடங்கியிருப்பதாக அது பொருள் கொண்டது. அபராதத்தை உயர்த்துமாறு நாடாளுமன்றத்தையும் கேட்டுக்கொண்டது. தமிழகம் 2017இல் கொண்டுவந்த திருத்தத்தால் ஜல்லிக்கட்டு மீண்டது; 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. வாடிவாசலுக்காக அலங்காநல்லூரிலிருந்து கோவை வ.உ.சி. பூங்கா வரை திரண்ட கூட்டத்தில் கம்பிக் கூண்டைப் பற்றி ஒரு பதாகையும் இருந்ததாகத் தெரியவில்லை. நாட்டு மாட்டைக் காக்கும் ஆர்வம் அந்த நாட்களில் பெருகியது உண்மை. கலப்பினப் பசுவும் வெள்ளைக் கோழியும் அந்த ஆர்வத்துக்கு வெளியே நின்றன.

இந்த ஐந்தும் பிரிட்டனில் பிறந்தவை. ரூத் ஹாரிசனின் ‘அனிமல் மெஷின்ஸ்’ 1964இல் வந்து கிளப்பிய அதிர்ச்சியில் பிராம்பெல் குழு அமைந்தது; 1965இல் அது விலங்கு எழ, படுக்க, திரும்ப, தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, காலை நீட்ட இடம் வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் முடிவெடுத்து, 2012 ஜனவரி 1 முதல் பழைய கூண்டை ஒழித்தது. அங்கே கோழிக்கு 750 சதுர செ.மீ.யும், கிளையும், முட்டையிடும் மறைவும் கொண்ட கூண்டு மட்டுமே அனுமதி. கருவுற்ற பன்றியை அசைய முடியாத கூண்டில் அடைப்பதை 2013 முதல் பெரும்பாலும் தடுத்தது. கலிபோர்னியா 2018இல் வாக்கெடுப்பில் இன்னும் மேலே போய், கூண்டு முட்டையை வெளியூரிலிருந்து கொண்டுவந்து விற்பதையும் தடுத்தது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே சட்டத்தின் பன்றி இறைச்சிப் பகுதியை எதிர்த்த வழக்கில் அதை நிலைநிறுத்தியது.

விற்பனைத் தடை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. ஓர் இடத்தில் கூண்டைத் தடுத்தால் முட்டை பக்கத்து ஊரிலிருந்து வரும். அப்போது தோற்பது விதியை மதித்த பண்ணை. நாமக்கல் பண்ணையாளர்களின் அச்சம் ஹைதராபாத் முட்டையைப் பற்றியது. அந்த அச்சத்துக்கு விடை, நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே அளவு நடைமுறைக்கு வருவதே.

யார் அளப்பது

சட்டம் காகிதத்தில் மட்டும் இருப்பதற்குக் காரணம் கொடுமனமன்று. அளவுநாடா பிடிக்கும் ஆள் இல்லை என்பதுதான். மாவட்டந்தோறும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அவை பெரும்பாலும் தெருநாயோடு தங்கள் வேலையை முடித்துக்கொள்கின்றன. கால்நடை மருத்துவர் பண்ணைக்குத் தடுப்பூசியோடும் நோய்க் கண்காணிப்போடும் போகிறார். அவரே அபராதம் போடுபவராகவும் ஆனால் கதவு திறப்பது குறையும் என்பது அவர் அறியாததன்று.

ஆனால் ஒரு சட்டம் உண்மையிலேயே கடிக்கிறது. ஈயும் நாற்றமும் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தால் ஊர்க்காரர்கள் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறார்கள். 2020இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கேட்டதற்குப் பின், 5,000 கோழிக்கு மேல் உள்ள பண்ணைகளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவரப்பட்டன. எச்சத்தைக் குவிக்கும் முறை, குடியிருப்பிலிருந்து தூரம், நீர்நிலையிலிருந்து தூரம் எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. மனிதனின் மூக்குக்காக எழுதிய விதி அமலாகிறது, கோழியின் இறக்கைக்காக எழுதிய விதி அமலாவதில்லை. இவ்விரண்டையும் ஒரே பண்ணை அனுமதிப் படிவத்தில் சேர்ப்பது கடினமான வேலையன்று. ஒரு கொட்டகைக்கு எத்தனை கூண்டு, ஒரு கூண்டுக்கு எத்தனை கோழி என்ற இரண்டு கேள்வி கூடுதலாக அச்சிட வேண்டும், அவ்வளவே.

அதுவரை, ஒரு கூண்டில் மூன்று கோழிக்குப் பதில் ஐந்து கோழி அடைத்தவர் முதல் முறை பிடிபட்டு, மூன்று மாதத்துக்குள் வழக்குப் பதிவாகி, குற்றம் நிரூபிக்கவும் பட்டால், இந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் அவர் கட்ட வேண்டிய அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். பண்ணை விலை ஐந்து ரூபாயைத் தொடும் நாளில் அது பத்து முட்டையின் விலை.